கருப்புத் தாய் முயல், சின்சில்லா தந்தை, ஈற்றில் ஒரு வெள்ளைக் குட்டி: எங்கிருந்து வந்தது?

பஞ்சுவால்:

எல்லோருக்கும் வணக்கம். கண்காட்சிக்காகச் சின்சில்லா நிறத்தில், அதாவது ரோமத்தில் வளையம் வளையமாகப் பட்டையிட்ட சாம்பல் நிறத்தில், ஒரு முயல் வரிசை உருவாக்கப் பார்க்கிறேன். ஆண் நல்ல சின்சில்லா. ரோமத்தை ஊதினால் வளையங்கள் தெளிவாகப் பிரியும். அதற்கு ஈடான சின்சில்லாப் பெண் கிடைக்கவில்லை. உடல்வாகு நன்றாக இருந்த ஒரு கருப்புப் பெண்ணோடு சேர்த்தேன். ஏழு குட்டிகள். எல்லாமே இப்போது கண் திறந்துவிட்டன. இரண்டு கருப்பு, இரண்டு காட்டு முயல் நிறம், இரண்டு சின்சில்லா. ஏழாவது முழு வெள்ளை, கண் சிவப்பு.

பெண்ணின் பெடிக்ரி (வம்சாவளிப் பட்டியல்) மூன்று தலைமுறைக்குக் கையில் இருக்கிறது. எல்லாமே கருப்பு, ஒரே ஒரு நீலம். ஆணின் பக்கம் சின்சில்லாவும் காட்டு நிறமும்தான். வெள்ளை என்ற பேச்சே இல்லை. விற்றவர் என்னை ஏமாற்றிவிட்டாரா? இல்லை, பக்கத்துக் கூண்டில் இருக்கும் வெள்ளை ஆண் எப்படியாவது உள்ளே வந்திருக்குமா?

நீளக்காது:

பெடிக்ரி பொய்யாகத்தான் இருக்கும். கருப்பு வரிசையில் வெள்ளை பிறக்கவே பிறக்காது. விற்றவரிடம் கேளுங்கள்.

மெண்டல்தாசன்:

நீளக்காது தம்பி, ஒருவர் பெயரைக் கெடுக்கும் முன் குட்டிகளை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம்.

கண் சிவப்பு என்று பஞ்சுவால் எழுதியது நல்லதாகப் போயிற்று. வெள்ளை முயலுக்குக் கண் நீலமாக இருந்தால் அது வியன்னா மரபணு, அது தனிக் கதை. சிவப்பு என்றால் சி வரிசையை, அதாவது சி என்ற நிற மரபணுவின் வடிவங்களைத்தான் பார்க்க வேண்டும். அந்த வரிசையில் மேலிருந்து கீழாக ஐந்து படிகள்: முழு நிறம், சின்சில்லா, செபிள் (நிழல் படிந்த பழுப்பு), ஹிமாலயன் (வெள்ளை உடம்பு, முனைகளில் மட்டும் நிறம்), அல்பினோ (முழு வெள்ளை). எந்த முயலுக்கும் இதில் இரண்டு இருக்கும், தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று. மேல்படியில் இருப்பது வெளியே தெரியும், கீழ்ப்படியில் இருப்பது ஒளிந்துகொள்ளும். செபிள் மட்டும் இந்த விதிக்கு முழுதாகக் கட்டுப்படாது.

ஐந்துமே டைரோசினேஸ் என்ற ஒரே நொதியின் மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள். நிறமி உருவாக அந்த நொதி வேண்டும். சின்சில்லா வடிவத்தில் நொதி கொஞ்சம் குறையோடு வேலை செய்கிறது. மஞ்சள் நிறமி கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும், கருப்பு நிறமி தங்கிவிடும். அதனால்தான் காட்டு நிற முயலின் ரோமத்தில் மஞ்சள் பட்டை இருக்கும் அதே இடத்தில் சின்சில்லாவுக்கு முத்து வெள்ளைப் பட்டை இருக்கிறது. அல்பினோவில் நொதி அறவே வேலை செய்வதில்லை.

இப்போது அந்த வெள்ளைக் குட்டியை மறந்துவிடுங்கள். இரண்டு சின்சில்லாக் குட்டிகளை மட்டும் பாருங்கள். தாய் கருப்பு, அதாவது அவளிடம் ஒரு முழு நிறம் நிச்சயம் உண்டு. இரண்டாவதும் முழு நிறம் என்றால் எல்லாக் குட்டிக்கும் முழு நிறத்தைத்தான் கொடுத்திருப்பாள், சின்சில்லா ஒன்றுகூடப் பிறந்திருக்காது. பிறந்திருக்கிறதே! ஆகவே முழு நிறத்துக்குக் கீழே ஏதோ ஒன்றை அவள் ஒளித்து வைத்திருக்கிறாள். வெள்ளைக் குட்டி பிறக்காமலே இருந்திருந்தாலும் இதைச் சொல்லியிருக்கலாம்.

வெள்ளைக் குட்டி சொல்வது வேறு. சிவப்புக் கண் வர இரண்டு பக்கமும் ஹிமாலயனோ அல்பினோவோ வந்திருக்க வேண்டும். ஆகவே உங்கள் சின்சில்லா ஆணும் ஒன்றைச் சுமக்கிறான். இரண்டு பேரும் சுமந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. ஏழு குட்டிகளில் ஒன்றாவது வெள்ளையாகப் பிறக்க 87 விழுக்காடு வாய்ப்பு. இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

பஞ்சுவால்:

சார், தலை சுற்றுகிறது, ஆனால் புரிகிறது. அப்படியென்றால் பெடிக்ரியில் ஏன் தெரியவில்லை?

மெண்டல்தாசன்:

பெடிக்ரியில் எழுதுவது கண்ணால் பார்த்த நிறத்தைத்தான். ஒளிந்திருப்பதை எழுத அதில் கட்டமே இல்லை. ஒரு ஒடுங்கு மரபணு, அதாவது இப்படி ஒளிந்துகொள்ளும் மரபணு, தலைமுறைக்கு இரண்டில் ஒன்று என்ற வாய்ப்பில் கைமாறும். ஐந்து தலைமுறை தொடர்ந்து ஒளிந்தபடி வர 32இல் ஒன்று வாய்ப்பு. அரிது, ஆனால் நடக்கும். தனக்கு இணையான இன்னொன்றைச் சந்திக்காதவரை அது வெளியே வராது. உங்கள் பெண்ணின் முன்னோர்களை யாரும் அப்படி ஒரு ஆணோடு சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

பக்கத்துக் கூண்டு ஆணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முயலுக்கு இணை சேர்ந்த பிறகுதான் கருமுட்டை வெளிவரும், சுமார் 10 மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியில் இன்னொரு ஆண் சேர்ந்தால் ஒரே ஈற்றில் இரண்டு தந்தையின் குட்டிகள் பிறக்கலாம். அதை முழுதாக ஒதுக்க முடியாது. ஆனால் கதவு திறந்திருந்ததற்கு அடையாளம் எதுவும் இல்லையென்றால் எளிய விடையை விட்டுவிட்டு அதைத் தேடிப் போக வேண்டாம்.

நீளக்காது:

சரி சார், ஒப்புக்கொள்கிறேன். காட்டு நிறம் இரண்டு எப்படி வந்தது? தாயும் தந்தையும் அந்த நிறமில்லையே.

கூண்டுக்காரி:

அது இன்னும் சுலபம் தம்பி. சின்சில்லா என்றாலே அகூட்டி, அதாவது ரோமத்தில் வளையம் போடும் மரபணு இருக்கிறது என்று அர்த்தம். ஆண் அகூட்டியைக் கொடுத்தான், பெண் முழு நிறத்தைக் கொடுத்தாள், இரண்டும் சேர்ந்தால் காட்டு நிறம். கருப்புக் குட்டிகள் பிறந்ததால் ஆணிடம் ஒரே ஒரு அகூட்டிதான் இருக்கிறது என்பதும் தெரிந்துவிட்டது. இரண்டு இருந்திருந்தால் குட்டிகள் எல்லாமே வளையத்தோடு வந்திருக்கும்.

பஞ்சுவால், இன்னொன்று. அந்தக் கருப்புக் குட்டிகளை உடனே கருப்பு என்று எழுதிவிடாதீர்கள். வளையம் இல்லாத முயலில் சின்சில்லா மரபணு உட்கார்ந்தால் பார்க்கக் கருப்பு மாதிரியே இருக்கும், மஞ்சள் இருந்தால்தானே அது எடுக்க. வளர்ந்த பிறகு கண்ணில் சாம்பல் நீலம் கலந்து பளிங்கு மாதிரி தெரிந்தால் சந்தேகப்படுங்கள். அதைக் கருப்பு வகுப்பில் காட்டினால் கண் நிறத்துக்காகவே தள்ளிவிடுவார்கள்.

பஞ்சுவால்:

நன்றி அக்கா. அந்த வெள்ளைக் குட்டி ஹிமாலயனா அல்பினோவா என்று எப்போது தெரியும்?

கூண்டுக்காரி:

கொஞ்சம் பொறுங்கள். ஹிமாலயன் நொதிக்குச் சூடு ஆகாது, உடல் சூட்டில் செயலிழந்துவிடும். மூக்கு, காது, கால், வால் மாதிரி குளிர்ந்த இடங்களில்தான் வேலை செய்யும். குட்டிப் பெட்டிக்குள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கதகதப்பாகக் கிடக்கும்வரை அது அல்பினோ மாதிரியே இருக்கும். வெளியே நடமாட ஆரம்பித்தபின் மூக்கில் அழுக்குப் பட்ட மாதிரி ஒரு மங்கல் வரும். வந்தால் ஹிமாலயன். வரவே இல்லையென்றால் அல்பினோ.

பாடப் புத்தகத்தில் வரும் பழைய சோதனை ஒன்று உண்டு. ஹிமாலயன் முயலின் முதுகில் கொஞ்சம் ரோமத்தை வழித்துவிட்டுப் பனிக்கட்டிப் பை கட்டி வைத்தால், அந்த இடத்தில் புதிதாக முளைக்கும் ரோமம் கருப்பாக வரும். நீங்கள் செய்து பார்க்க வேண்டாம், தானாகவே தெரியும். குட்டியைச் சீக்கிரம் குளிரில் வைத்தால் நிறம் சீக்கிரம் வரும் என்று சிலர் கிளம்புவார்கள். அப்படிச் செய்தால் உடம்பு முழுக்கச் சாம்பல் படர்ந்து வரும், குட்டிக்கும் ஆபத்து.

மெண்டல்தாசன்:

அக்கா சொன்னதோடு ஒரு சின்ன வரலாறு. பஞ்சுவாலுக்குப் பொருத்தமாக இருக்கும். சின்சில்லா முயலை டிபோவ்ஸ்கி என்பவர் 1913இல் பிரான்சில் முதன்முதலாகக் காட்சிக்கு வைத்தார். பத்து வருடம் கழித்து, 1923இல், அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்ட் என்பவர் கலிபோர்னியன் இனத்தைத் தொடங்கினார். எதிலிருந்து? ஹிமாலயனையும் சின்சில்லாவையும் சேர்த்துத்தான். பிறகு நியூசிலாந்து வெள்ளையும் அதில் சேர்ந்தது. உங்கள் கூண்டில் தற்செயலாக நடந்ததை அவர் வேண்டுமென்றே செய்தார்.

பழையகணக்கு:

நல்ல பாடம். ஆனால் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். படியும் பின்னமும் வைத்து இவ்வளவு பேசுகிறீர்கள், ஒரு ஆரஞ்சு முயல் ஏன் செக்கச்செவேல் என்றும் இன்னொன்று ஏன் வெளிறிய வைக்கோல் மாதிரியும் வருகிறது என்று சொல்லுங்கள் பார்ப்போம். இரண்டுக்கும் ஒரே மரபணு எழுத்துகள்தான் வரும். கண்காட்சியில் ஒன்று கோப்பை வாங்கும், இன்னொன்று மேசையைக்கூடத் தாண்டாது. எழுத்தைப் பார்த்து முயல் வளர்க்க முடியாது.

மெண்டல்தாசன்:

பழையகணக்கு ஐயா சொல்வது சரி. செம்மையின் ஆழம் ஒரு மரபணு விஷயமில்லை. அதை ரூபஸ் மாற்றிகள் என்போம். சிறு சிறு மரபணுக்கள் பல, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும் குறைக்கும். அதற்குச் சோதனையும் கிடையாது, பின்னமும் கிடையாது. நல்லதை நல்லதோடு சேர்த்துத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுப்பது ஒன்றே வழி. அதில் உங்கள் கண்ணை மிஞ்ச ஆள் இல்லை.

ஆனால் அந்த ஆரஞ்சின் கீழே ஒளிந்திருப்பதைக் கண் காட்டாது. ஆரஞ்சு என்பது ஈ வரிசை என்ற இன்னொரு நிற மரபணுவின் கடைசிப் படி, கருப்பு நிறமியை ரோமத்தில் பரவவிடாத வடிவம் இரண்டு சேர்ந்தது. மெலனோகார்ட்டின் ஏற்பியின் மரபணுவில் 30 டிஎன்ஏ எழுத்து நீளத் துண்டு ஒன்று விடுபட்டதால் வந்த மாற்றம். அதே வடிவம் வளையமில்லாத முயலில் வந்தால் ஆரஞ்சு வராது, பக்கமும் முகமும் புகை பிடித்த மாதிரி டார்ட்டாய்ஸ் வரும். அப்புறம் ஆரஞ்சு வரிசைக்குள் சின்சில்லாவைக் கொண்டுவந்தால் மஞ்சளும் போய்விடும், கருப்பும் பரவாது, மிச்சம் வெளிறிப்போன ஒரு முயல். சின்சில்லாவையும் ஆரஞ்சையும் கலக்காதே என்று பெரியவர்கள் சொன்னதற்குக் காரணம் இதுதான். காரணம் தெரியாமலே சரியாகச் சொன்னார்கள்.

பழையகணக்கு:

காரணம் தெரியாது என்று யார் சொன்னது. எழுத்து தெரியாது, அவ்வளவுதான்.

பஞ்சுவாலுக்கு ஒரு எச்சரிக்கை. கருப்பு முயலை வளைய நிறத்தோடு சேர்க்கும்போது நான் முதலில் பயப்படுவது வெள்ளைக் குட்டிக்கு இல்லை, ஸ்டீல் என்ற மரபணுவுக்கு. கருப்புக்குள் ஸ்டீல் ஒளிந்திருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, அதுவும் கருப்பு இதுவும் கருப்பு. வளைய முயலில் வந்து உட்கார்ந்ததும் வளையத்தை விழுங்கிவிடும். ரோம நுனியில் வெள்ளிப் புள்ளி மட்டும் மிஞ்சும். அப்படிக் கெட்டுப்போன சின்சில்லா வரிசைகளைப் பார்த்திருக்கிறேன். திருத்த வருடக்கணக்காகும்.

பஞ்சுவால்:

ஐயா, இதைக் கேள்விப்பட்டதே இல்லை. காட்டு நிறம் இரண்டு, சின்சில்லா இரண்டு, நான்கையும் ஊதிப் பார்த்தேன். இன்னும் குட்டி ரோமம்தான், ஆனால் வளையம் தெரிகிறது. வயிறும் வெளுப்பு.

மெண்டல்தாசன்:

அப்படியென்றால் நல்ல செய்தி. தாயிடம் ஒரு ஸ்டீல் இருந்தால் ஒவ்வொரு வளையக் குட்டிக்கும் அது போக பாதி வாய்ப்பு. நான்கும் தப்பிக்க 16இல் ஒன்று. உறுதி என்று சொல்ல முடியாது, அடுத்த ஈற்றில் இன்னும் இரண்டு மூன்று வளையக் குட்டிகள் சுத்தமாக வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

புள்ளிமான்:

இந்த இழையிலேயே என் கேள்வியையும் கேட்கிறேன், தனி இழை வேண்டாம். ஆண், பெண் இரண்டும் அழகான புள்ளி முயல்கள், வெள்ளை உடம்பில் நிறத் திட்டு. குட்டிகளில் ஒன்று கிட்டத்தட்ட முழு வெள்ளை, மூக்கில் ஒரு கீற்று, கண்ணைச் சுற்றிக் கொஞ்சம், காதில் நிறம், அவ்வளவுதான். கண் பழுப்பு. சார்லி என்கிறார்கள். ஒரு நண்பர், இதை வைத்துக்கொள், ஒரே நிற முயலோடு சேர்த்தால் பிறப்பதெல்லாம் புள்ளிதான் என்கிறார். உண்மையா?

நீளக்காது:

உண்மைதான் அண்ணா. சார்லியிடம் புள்ளி மரபணு இரண்டு, ஒரே நிற முயலிடம் ஒன்றும் இல்லை. எல்லாக் குட்டிக்கும் ஒன்று கிடைக்கும், நூற்றுக்கு நூறு புள்ளி. புள்ளி முயலை ஒரே நிறத்தோடு சேர்த்தால் பாதிதான் புள்ளி வரும். கூண்டு குறைவாக உள்ளவர்களுக்குச் சார்லி வசதி.

கூண்டுக்காரி:

கணக்கு சரிதான். ஆனால் அந்தச் சார்லியின் குடலைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னாரா, புள்ளிமான்?

புள்ளி தருவது கிட் என்ற மரபணு. அதன் வேலை ரோமத்தோடு முடியவில்லை. நிறமி உயிரணுக்கள் கரு வளரும்போது உடம்பெல்லாம் பரவ அது வேண்டும். குடல் சுருங்கி விரியத் தாளம் கொடுக்கும் உயிரணுக்களுக்கும் அதே மரபணு வேண்டும். இரண்டு பிரதியும் புள்ளி வடிவமாக இருக்கும் முயல்களில் பெருங்குடல் வீங்கிச் செயலிழக்கும் நோய் வருகிறது. செக்கர்டு ஜயன்ட் முயல்களில் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். எல்லாச் சார்லிக்கும் வரும் என்று சொல்ல மாட்டேன், நன்றாக வாழ்ந்தவையும் உண்டு. நோய் வந்தால் புழுக்கை பெரிதாக, கோணல்மாணலாக வரும். சில நேரம் சளி சேர்ந்து வரும். வயிறு உப்பும், தீனி இறங்காது, அடிக்கடி அடைப்பு. மருத்துவரிடம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

நீளக்காது:

அக்கா, சார்லியை உருவாக்கக் கூடாது என்பது வேறு. ஏற்கெனவே பிறந்துவிட்டது, ஆரோக்கியமாகவும் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் என்ன தப்பு? அதன் குட்டிகளுக்கு ஒரு பிரதிதானே போகும், அவற்றுக்கு நோய் வராதே.

கூண்டுக்காரி:

இந்த ஒரு முயலைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்கு ஒப்பாதது அடுத்த கட்டம். இவன் வயதாகி ஓய்ந்ததும் "எல்லாம் புள்ளி" ஈற்று பழகிப்போனவர் என்ன செய்வார்? அடுத்த சார்லிக்காகப் புள்ளியையும் புள்ளியையும் சேர்ப்பார். நான்கில் ஒன்று சார்லி, அதில் எது வயிறு உப்பிச் சாகும் என்று பிறக்கும்போது தெரியாது. புள்ளி ஒரு பக்கம், ஒரே நிறம் ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டால் சார்லி பிறக்கவே வழியில்லை. பாதிக் குட்டி ஒரே நிறமாக வரும், வரட்டுமே. பல இனங்களில் அதற்கும் காட்சியில் வகுப்பு இருக்கிறது.

பழையகணக்கு:

இங்கிலீஷ் ஸ்பாட் இனத்தில் அப்படி வகுப்பு இல்லை அம்மா. ஒரே நிறக் குட்டியைக் காட்ட முடியாது. ஆனாலும் அந்த இனத்தை ஒழுங்காக வளர்ப்பவர் யாரும் ஒரே நிறப் பெண்ணைத் தூக்கி எறிய மாட்டார். சங்கிலிப் புள்ளி வரிசை நன்றாக அமைய அந்தப் பெண்தான் முதுகெலும்பு. அவள் மேல் ஒரு புள்ளிகூடத் தெரியாது, ஆனால் அவள் அம்மா யார், அக்கா தங்கை யார் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்போம்.

மெண்டல்தாசன்:

இதில் நான் அக்கா பக்கம். புள்ளிமான், புள்ளி எங்கே விழும், திட்டு எவ்வளவு பெரிதாக வரும் என்பதும் ஆரஞ்சுக்குச் சொன்ன மாதிரி மாற்றிகளின் வேலைதான். ஒரு பிரதி மட்டும் உள்ள புள்ளி முயலே மிகக் குறைந்த நிறத்தோடு வருவதும் உண்டு, அதைச் சார்லி என்று தவறாகச் சொல்லிவிடுவார்கள். பெற்றோர் இரண்டும் புள்ளியாக இருந்தால் மட்டும் சார்லி என்று யோசியுங்கள்.

புள்ளிமான்:

புரிந்தது. அவனைச் செல்லப்பிராணியாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். புழுக்கையைக் கவனிக்கிறேன். நன்றி அக்கா.

பஞ்சுவால் (மூன்று வாரம் கழித்து):

வெள்ளைக் குட்டிக்கு மூக்கில் மங்கல் வந்துவிட்டது! காதும் சாம்பலாகிறது. ஹிமாலயன்தான். ஆனால் நிறம் கரிக்கருப்பாக இல்லை, காது நடுவில் வெளிறி ஓரம் மட்டும் கருக்கிறது. வால் மேலே கருப்பு, அடியில் வெள்ளை. இது வளர வளரச் சரியாகுமா?

மெண்டல்தாசன்:

ஆகாது. வாலின் அடி வெள்ளை என்ற ஒன்றே போதும், அது அகூட்டி. தந்தை கொடுத்த வளையம். உடம்பெல்லாம் வெள்ளையாக இருப்பதால் வளையம் தெரியவில்லை, நிறம் இருக்கும் முனைகளில் மட்டும் எட்டிப் பார்க்கிறது. ஹிமாலயன் வகுப்புக்கு முனைகள் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும், எனவே காட்சிக்கு ஆகாது. நல்ல வீட்டில் செல்லமாகக் கொடுங்கள்.

இப்போது தெரிந்தது இவ்வளவு: ஒரு பக்கமாவது ஹிமாலயன் வந்திருக்கிறது. இன்னொரு பக்கம் வந்தது ஹிமாலயனா அல்பினோவா என்பதை இந்த ஒரு குட்டியை வைத்துச் சொல்ல முடியாது.

நீளக்காது:

சார், செபிள் விதிக்குக் கட்டுப்படாது என்று சொல்லி விட்டுவிட்டீர்களே.

மெண்டல்தாசன்:

ஆமாம், மறந்தே போனேன். செபிள் இரண்டு பிரதி வந்தால் மிக அடர்ந்த செபியா, கிட்டத்தட்டக் கருப்பு, அதைச் சீல் என்பார்கள். ஒரு பிரதி செபிள், இன்னொன்று ஹிமாலயனோ அல்பினோவோ என்றால்தான் எல்லோரும் விரும்பும் அந்த நிழல் படிந்த பழுப்பு வரும். ஆக, நாம் செபிள் என்று கொண்டாடும் முயல் எப்போதுமே கலப்புதான். செபிளையும் செபிளையும் சேர்த்தால் நான்கில் ஒன்று சீல், இரண்டு செபிள், ஒன்று சிவப்புக் கண். எத்தனை தலைமுறை தேர்ந்தெடுத்தாலும் இதை மாற்ற முடியாது. செபிள் ஈற்றில் வெள்ளை பிறந்ததற்காகச் சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும், பாவம். சீலையும் ஹிமாலயனையும் சேர்த்தால் மட்டும் எல்லாமே செபிளாக வரும்.

கூண்டுக்காரி:

சார், ஒரு சந்தேகம். சாக்லேட் நிற ஹிமாலயன் வேண்டும் என்று முயல்பவர்கள் கணக்குப்படி 16இல் ஒன்று வர வேண்டும், வரவே மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறார்கள். இதில் ஏதாவது இருக்கிறதா, இல்லை வெறும் அதிர்ஷ்டமா?

மெண்டல்தாசன்:

அதில் விஷயம் இருக்கிறது. முயலுக்கு 22 இணை குரோமோசோம்கள். கருப்பா சாக்லேட்டா என்று தீர்மானிக்கும் மரபணுவும் சி வரிசையும் ஒரே குரோமோசோமில், முதலாவதில், இருக்கின்றன. சாக்லேட்டை ஹிமாலயனோடு சேர்த்து, அதில் பிறந்த கருப்புக் குட்டிகளைத் தமக்குள் சேர்க்கிறார்கள் என்று வையுங்கள். சாக்லேட் ஒரு இழையிலும் ஹிமாலயன் மற்ற இழையிலும் இருக்கும். இரண்டும் ஒரே இழைக்கு மாறி வந்தால்தான் நீங்கள் கேட்கும் முயல் கிடைக்கும். அதனால் 16இல் ஒன்றைவிட அரிதாகத்தான் வரும். ஒருமுறை ஒரே இழைக்கு வந்துவிட்டால் அப்புறம் இரண்டும் சேர்ந்து போகும் வாய்ப்பு சற்று அதிகம், அது வசதி. நீல நிறத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை.

பஞ்சுவால்:

கடைசியாக என் திட்டத்துக்கு வருகிறேன். சின்சில்லாக் குட்டிகளில் ஒன்று பெண், வளையம் அருமையாக வந்திருக்கிறது, தாயின் உடல்வாகு. அவளை வைத்து வரிசையைத் தொடரலாமா? அவளும் ஒளித்து வைத்திருக்கிறாளா என்று எப்படிச் சோதிப்பது?

மெண்டல்தாசன்:

அவளைச் சோதிக்கவே வேண்டாம். அவள் சின்சில்லாவாகப் பிறந்ததே தாயிடமிருந்து முழு நிறம் வராததால்தான். தாய் ஒளித்து வைத்திருந்தது அவளிடம் இருக்கிறது, நூறு சதவீதம். சுத்தமான சின்சில்லா ஆணோடு சேருங்கள். குட்டிகள் எல்லாம் பார்க்கச் சின்சில்லாவாகவோ, அந்த ஆணிடமும் ஒரே ஒரு அகூட்டி இருந்தால் சில கருப்பு மாதிரியோ வரும். அதில் பாதி சுமக்கும், பாதி சுமக்காது. எது எது என்று அறிய ஒரு வெள்ளை, சிவப்புக் கண் அல்பினோவோடு சோதனைக் கலப்பு செய்யுங்கள். ஒரு சிவப்புக் கண் குட்டி பிறந்தால் அந்த முயல் சுமக்கிறது, முடிந்தது. ஏழு குட்டி பிறந்து ஏழிலும் சிவப்புக் கண் இல்லையென்றால், சுமக்கும் முயல் இப்படித் தப்பிக்க 128இல் ஒன்றுதான் வாய்ப்பு. நான் அதோடு திருப்தி அடைவேன். ஐந்தே குட்டி என்றால் 32இல் ஒன்று, இன்னொரு ஈற்று பார்ப்பேன்.

அல்பினோவை ஏன் சொல்கிறேன் என்றால் அது கடைசிப் படி, மேலே எது ஒளிந்திருந்தாலும் வெளியே காட்டும். ஆனால் அல்பினோ தன் உடம்பில் மற்ற எல்லா நிறத்தையும் மூடி வைத்திருக்கும். சோதனைக் குட்டிகளை வரிசையில் சேர்க்காதீர்கள். அவை கேள்விக்குப் பதில் மட்டும்தான்.

பழையகணக்கு:

நான் இதில் ஒத்துப்போக மாட்டேன். வளையம் அருமை, உடல்வாகு அருமை என்று அவரே சொல்கிறார். ஒளிந்திருக்கும் ஒரு ஹிமாலயனைத் துரத்த ஒரு தலைமுறையைச் சோதனைக்கே செலவழித்தால் கூண்டு நிரம்பிவிடும், நல்ல பெண்ணின் இளமையும் போய்விடும். எப்போதாவது ஒரு வெள்ளைக் குட்டி பிறக்கும், பிறந்தால் செல்லமாகக் கொடுத்துவிட்டுப் போகிறது. அவளை நல்ல வளையமுள்ள ஆணோடு சேர்த்துக்கொண்டே போங்கள் தம்பி. நடுவர் ரோமத்தை ஊதிப் பார்ப்பாரே தவிர, மரபணுவைப் பார்க்க மாட்டார்.

கூண்டுக்காரி:

ஐயா சொல்வதும் சரி, சாரும் சரி. ஆனால் பஞ்சுவால் குட்டிகளை மற்ற வளர்ப்பாளர்களுக்குக் கொடுக்கப் போகிறார் என்றால் சுமப்பதைப் பெடிக்ரியில் எழுதிவிட வேண்டும். முதல் நாள் அவருக்கு வந்த சந்தேகம் அடுத்தவருக்கு வர வேண்டாமே.

சோதனைக் கலப்புக்குக் கூண்டு இல்லையென்றால் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். டைரோசினேஸ், அகூட்டி, சாக்லேட், நீலம், ஈ வரிசை, இவற்றின் மாற்றங்கள் பலவற்றை மரபணுவிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். வேரோடு பிடுங்கிய ரோமமோ கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவி எடுத்ததோ போதும். அனுப்பும் முன் எந்தெந்த வடிவத்தைச் சோதிப்பார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் சி வரிசையில் அல்பினோவை மட்டும் பார்த்துவிட்டு "சுமக்கவில்லை" என்று எழுதிவிட்டால் உங்கள் ஹிமாலயன் அதில் சிக்காது.

பஞ்சுவால்:

அதைக் கேட்டுவிட்டே அனுப்புகிறேன் அக்கா. முதலில் ஆணின் ரோமத்தைத்தான் அனுப்பப் போகிறேன், அவனுடைய மற்ற குட்டிகள் ஏற்கெனவே இரண்டு பேரிடம் இருக்கின்றன. பெண்ணை ஐயா சொன்னபடி வளையமுள்ள ஆணோடு சேர்க்கிறேன், ஆனால் சார் சொன்ன மாதிரி சுத்தமான சின்சில்லா ஒருவனை வேறு வரிசையிலிருந்து தேடிக்கொண்டு. விற்றவரிடம் பேசினேன், அவர் பக்கத்திலும் பெண்ணின் தங்கை ஒருத்திக்குப் போன ஈற்றில் சிவப்புக் கண் பிறந்ததாம்.

மெண்டல்தாசன்:

அப்படியென்றால் பெண்ணின் தாய் தந்தையில் ஒருவராவது சுமக்கிறார். அந்தத் தங்கையின் குட்டிக்கு மூக்கில் மங்கல் வந்ததா என்று கேளுங்கள், யார் பக்கம் எது என்பதற்கு அங்கே ஒரு துப்பு இருக்கும்.

பஞ்சுவால்:

கேட்டேன் சார். அந்தக் குட்டி நன்றாக வளர்ந்த பிறகும் வெள்ளையாகவேதான் இருக்கிறதாம்.

மெண்டல்தாசன்:

அப்போது அது அல்பினோ. அதாவது தங்கை சுமப்பது அல்பினோ. உங்கள் பெண்ணிடமும் அதுவேதான் இருக்கும் என்று ஊகிக்கலாம். அப்படியானால் ஹிமாலயன் உங்கள் ஆணுடையது. ஆய்வக முடிவு வந்ததும் இங்கேயே போடுங்கள்.